அணைய மறுத்த சிவப்புக் கட்டு

மார்ச் 18, ஞாயிறு

இன்று கடைக்கு ஒரு பேருந்து நிறைய பிரேசில்காரர்கள். பெரியப்பாவின் ஒலிவமரப் பொம்மைக் கடை மேய்ப்பர் வயலுக்கு எதிரிலேயே இருப்பதால், தேவதூதர் இறங்கிய இடத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் நேராக என்னிடம்தான் வருகிறார்கள். ஓர் அம்மாளிடம் மர ஆட்டுக்குட்டி ஒன்றைக் காட்டி, "அன்னிக்கு தேவதூதர் பாடும்போது தூங்கிப்போன ஒரே ஆடு இதுதான், அதான் விலை கம்மி" என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கினார். போகும்போது கேட்டார்:

"நேத்துதான் எருசலேம்ல இயேசுவோட கல்லறையைத் தொட்டேன். நீ பக்கத்துலயே இருக்கே, நூறு தடவை தொட்டிருப்பியே?"

"நூத்தி ஒண்ணு" என்றேன்.

ஒரு தடவைகூட இல்லை. கடல் தாண்டி வந்தவர் தொட்டுவிட்டுப் போகிறார். மொட்டைமாடியில் நின்றால் எருசலேம் தெரிகிற எனக்கு, சுவரைத் தாண்டிப் போக ராணுவத்தின் அனுமதி வேண்டும். பதினாறு ஆகிவிட்டதால் இந்த வருடம் எனக்கென்று தனியாக. நானும் மார்லீனும் தேவாலயம் வழியாகக் கேட்டிருக்கிறோம். மார்லீன் பெரியப்பா மகள், மேல்வீடு, என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அக்கா என்று கூப்பிடச் சொல்வாள். கூப்பிட்டதில்லை.

புனித நெருப்புச் சனிக்கிழமை, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின நாள், கல்லறைக்குள்ளிருந்து வரும் நெருப்பில் எல்லோரும் மெழுகுவர்த்தி பற்றவைக்கிற நாள். இரண்டு பேரும், கையைப் பிடித்துக்கொண்டு. அப்படித்தான் பேச்சு.

ஏப்ரல் 1, குருத்தோலை ஞாயிறு

மார்லீனுக்கு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

"உனக்கு வரலடி ஜுமானா" என்றபோது விழுந்து விழுந்து சிரித்தேன். ஏப்ரல் முதல் தேதி அல்லவா? போன வருடம் இதே நாளில் அவளுடைய மஅமூல் பணியாரத்துக்குள் பேரீச்சம்பழத்துக்குப் பதில் மிளகாய் விழுதை வைத்தவள் நான். பழி வாங்குகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு பாதிரியாரும் சிரிக்கவில்லை.

காரணம்? காரணமெல்லாம் சொல்ல மாட்டார்கள். ஒரே வீடு, ஒரே குடும்பப் பெயர், ஒரே கொக்கி மூக்கு. அந்த மூக்கு போகலாம், இந்த மூக்கு போகக் கூடாது.

"அழாதடி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

யாருடி அழுதா?

ஏப்ரல் 3

புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள். மாடிப்படியில் டக் டக்கென்று ஏறுகிறாள், இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள். மேலே அப்படி என்ன வேலை?

ஏப்ரல் 4

மேல்வீட்டில் மஅமூல் சுட்டோம். பெரியம்மா, "மார்லீன், நீ பாத்திரம் தொடாதே கண்ணு. நெருப்பு வாங்கப் போற கை" என்றார். அதே மாவைப் பிசைந்த என் கை? அது பாத்திரம் கழுவியது.

எரிகிறது. எருசலேமில் இன்னும் கொளுத்தவே இல்லை, எனக்கு இங்கே பற்றிவிட்டது.

ஏப்ரல் 5

செய்துவிட்டேன்.

இயேசுவின் வயதில் ஆண்டுக்கு ஒன்றாக முப்பத்து மூன்று மெல்லிய மெழுகுவர்த்திகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுபோவார்கள். கல்லறை முன் பற்றவைத்து, நெரிசலில் உடனே அணைத்து, மிச்சத்தை வீட்டில் பத்திரப்படுத்துவார்கள், இடிமின்னலுக்கும் காய்ச்சலுக்கும். மார்லீன் மேசையில் இரண்டு கட்டுகள் இருந்தன. ஒன்றில் வெள்ளை நாடா, ஒன்றில் சிவப்பு. அவளுக்குச் சிவப்பென்றால் உயிர். சிவப்புக் கட்டிலிருந்து மூன்றை உருவிவிட்டு, பிறந்தநாள் கேக்கில் ஊத ஊதப் பற்றிக்கொள்ளும் குறும்பு மெழுகுவர்த்தி மூன்றை நடுவில் செருகினேன். ரோஸ் கோடுகளைப் பிளேடால் சுரண்டியாயிற்று. தேவதூதரே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

எல்லோரும் அணைத்த பிறகு இவள் மட்டும் கன்னம் உப்ப ஊதிக்கொண்டு நிற்பாள். புதுச் செருப்போடு.

ஏப்ரல் 6, பெரிய வெள்ளி

எடுத்துவிடலாம் என்றுதான் மேலே போனேன். சத்தியமாக.

"எருசலேம்லேருந்து உனக்கு என்னடி வாங்கிட்டு வரணும்?" என்றாள்.

"எருசலேம்."

அவள் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எடுக்காமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 7, சனி

கடவுளுக்கு என்மேல் என்ன கோபம்?

மாலையில் நெருப்பை வரவேற்க எங்கள் பெய்த் சாஹூர் ஊரே தெருவில் நின்றது. சாரணர் படையின் மேளம், பைக்குழல், குலவை. மார்லீனோடு போயிருந்த பெரியப்பா, எருசலேமில் ஏற்றிய லாந்தரோடு வந்தார். நெரிசலில் அதன் கண்ணாடி உடைந்துபோயிருந்தது. பக்கத்தில் மார்லீன், கையில் சிவப்புக் கட்டு கொழுந்துவிட்டு எரிகிறது. எங்கள் தெருமுனையில் ஒரு காற்று. லாந்தர் அணைந்தது. கட்டும் அணைந்தது. மேளம் நின்றது. பெரியம்மா "ஐயோ ஆண்டவரே!" என்று தலையில் கை வைத்தார்.

கட்டு புகைந்தது. பொறி விட்டது. பற்றிக்கொண்டது.

அப்புறம் என்ன? ஒரே அலறல். "அற்புதம்! அற்புதம்!" அதிலிருந்தே லாந்தரை ஏற்றினார்கள், தெருவில் நின்றவர்களின் விளக்குகள் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். மார்லீனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். என் அம்மா அவள் கையை முத்தமிட்டாள். என் அம்மா!

என் மெழுகுவர்த்தி. என் பிளேடு. என் மூளை. பெயர் அவளுக்கு.

ஏப்ரல் 8, உயிர்ப்பு ஞாயிறு

வந்தவர்களெல்லாம் "கிறிஸ்து உயிர்த்தார்" என்கிறார்கள், அப்புறம் "மார்லீன் எங்கே?" என்கிறார்கள். அடுத்த தெரு மூட்டுவலித் தாத்தா மூன்று மாடி ஏறி வந்து அவள் கையைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது. சொன்னால் தாத்தா எப்படி இறங்குவார்?

ஏப்ரல் 10

மார்லீன் கீழே வந்தாள். என் கட்டிலில் உட்கார்ந்து சிவப்புக் கட்டை மடியில் போட்டாள்.

"கோட்டைச் சரியா சுரண்டலடி. ரோஸ் தெரியுது."

கட்டைத் திருப்பிப் பார்த்தேன். "எப்போ தெரிஞ்சுது?"

"கல்லறை முன்னாடியே. ஊதறேன், எரியுது. ஊதறேன், எரியுது. போலீஸ்காரன் என்னைப் பாத்துக் கத்தறான். அப்பா தொப்பியைப் போட்டு அமுக்கினேன். திரும்பி வரப்போ லாந்தர் கண்ணாடி போச்சு, காத்தும் அடிச்சுது. இதுதான் தாங்கும்னு இதைக் கொளுத்தினேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா உன் தோலை உரிச்சிருப்பாங்க." நாடா நுனியை விரலில் சுற்றினாள். "அப்புறம்... எல்லாரும் கையைத் தொட்டாங்கல்ல. நல்லாத்தான் இருந்துச்சு."

எழுந்து போனவள் வாசலில் நின்றாள். "வெள்ளை நாடாதான்டி என்னுது. சிவப்பு உனக்குன்னு கட்டினது. உன் பேரைச் சொல்லித்தான் கொளுத்தினேன்."

ஏப்ரல் 26, பெரிய வெள்ளி

ஒரு வருடமாக இந்த நாட்குறிப்புப் பக்கம் வரவில்லை.

எனக்கு வந்துவிட்டது. மார்லீனுக்கு வரவில்லை. காரணம் சொல்லவில்லை.

"போய்ட்டு வாடி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். போன வருடம் என் கண்ணாடியில் ஒரு வாரம் இருந்தது.

சாயங்காலம் ஒரு கட்டோடு வந்தாள். சிவப்பு நாடா. "எனக்காக இதைக் கொளுத்து. நானே கட்டினேன்."

"பிரிச்சுப் பாக்கவா?"

"பாரேன்" என்றாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

நான் புதுச் செருப்பு வாங்கவில்லை. கட்டைப் பிரிக்காமல் பையில் வைத்துவிட்டேன். ஊத வேண்டி வந்தால் ஊதிக்கொள்கிறேன், அக்கா.