மஞ்சள் அடித்த குழாய்கள்

போன செவ்வாய்க்கிழமை என் ஆட்கள் உன் மேசையைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து என் குடோனில் போட்டுவிட்டார்கள். திருட்டு இல்லை, தெரியாமல் நடந்தது. ஆனாலும் நடந்தது என் சொல்படிதான்.

உன் தெருவில் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. சாரம் கட்டக் குழாய், பலகை எல்லாம் என்னுடைய வாடகைச் சாமான். வேலை முடிந்து ஏற்றி வர மேஸ்திரி குமரேசனை அனுப்பினேன். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, உன்னைப் பார்த்ததில்லை. எண்ணினதில் ஆறு குழாய் கம்மி. என்னிடம் வேலைக்கு வருகிற எவனுக்கும் முதல் நாளே நான் சொல்வது உனக்குத் தெரியும்: குழாய் முனையில் மஞ்சள் பெயிண்ட் இருந்தால் நம்ம சாமான், எங்கே கண்டாலும் ஏற்றிக்கினு வா. சின்னசேலத்தில் சாரம் வாடகைக்கு விடுகிறவர் நீலம் அடிக்கிறார், நான் மஞ்சள். தேடிக்கொண்டே போனவனுக்கு உன் வீட்டு முன்னறையில் மேசைக் குழாயில் மஞ்சள் தெரிந்திருக்கிறது. உன் மனைவி செல்வி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டிருக்கிறான். "அது கள்ளக்குறிச்சி மொதலாளி சாமான்தாம்ப்பா, அந்த வூட்டுக்காரரே சொல்லுவாரு" என்று சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் பதமாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அரை மணி நேரத்தில் பிரித்துவிட்டான். கீழே வந்து என்னிடம், "ஆறு கம்மிக்குப் பதினொண்ணு கெடச்சுது மொதலாளி" என்று பெருமையாகச் சொன்னான். பழைய வேலையில் விட்டுப்போனதும் சேர்ந்து கிடைத்திருக்கும் என்று நானும் தலையாட்டினேன்.

சாயங்காலம் செல்வி போன் செய்தாள். அழவில்லை.

"அண்ணா, அவரு ஒங்களுக்கு எவ்ளோ பாக்கி வெச்சிருந்தாரு?"

"இன்னாம்மா கேக்கற?"

"மேசையத் தூக்கினு போயிட்டாங்க. செத்தவன் கடனுக்கு வந்து எடுத்துனு போறாங்கன்னு தெருவே பேசுது. எவ்ளோன்னு சொல்லுங்க, கட்டிடறேன். ஆனா மேசை வேணும். வெள்ளிக்கிழமதான் காலேஜ் உதவித்தொகைக்கு மனு போடற கடைசி நாளு. ஆளுங்க வந்து நிக்கிறாங்க, நான் தரையில குந்திக்கினு தட்டறேன்."

நீ போன பிறகு உன் கம்ப்யூட்டரில் அவள்தான் மலைக்காரர்களுக்கு மனு போட்டுக் கொடுக்கிறாள். அதுதான் அவள் சாப்பாடு. அது எனக்குத் தெரியும். இப்போது அதோடு உன் பேரும் தெருவில் கிடக்கிறது.

குடோனுக்குப் போனேன். குமரேசனைக் கூப்பிட்டு, "எதுடா அந்தப் பதினொண்ணு?" என்றேன். அடுக்கைக் காட்டினான். நாலடிக் குழாய் மட்டும் அங்கே முந்நூறு இருக்கும். அத்தனை முனையும் மஞ்சள். சாமான் வந்து இறங்கின கையோடு பழையதுக்கெல்லாம் மறுபடி பெயிண்ட் அடித்திருந்தார்கள், தின்னர் வாடை மூக்கை அடைத்தது. "இதுல எதோ பதினொண்ணு மொதலாளி" என்றான். திட்டத் தோன்றவில்லை. ஒரு குழாயைத் தூக்கினேன், வைத்தேன். இன்னொன்றைத் தூக்கினேன். உன்னுடையது என்றால் கைக்குத் தெரியும் என்று எங்கோ ஒரு நினைப்பு. தெரியவில்லை. இரும்பு, அவ்வளவுதான்.

பைக்கிலிருந்து விழுந்து உன் முதுகில் அடிபட்ட வருஷம், ஊன்றுகோலோடு இதே குடோனுக்கு வந்து நின்றாய். "மொதலாளி, எனக்கு ஒரு சாரம் கட்டுடா" என்றாய். பிளான் போடுகிறவன் நீ, உனக்கு எதற்குச் சாரம் என்றேன். ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரக் கூடாதாம், நிற்கவும் கூடாதாம். அதனால் மேசைப் பலகை காலையில் மேலே ஏற வேண்டும், மதியம் இறங்க வேண்டும். கடைக்காரன் சொன்ன விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம் என்றாய். குழாயும் கிளாம்பும் இருந்தால் போதும், ஸ்பேனரைத் திருகி ஏற்றி இறக்கிக்கொள்வேன் என்று ஒரு தாளை நீட்டினாய். முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து பார்த்தால் எப்படி என்று மூன்று படம். "பதினொரு குழாய்க்குப் பிளானா? அப்ரூவல் எவன் குடுப்பான்?" என்றேன். "நீதான். கையெழுத்துப் போடு" என்றாய். போட்டேன்.

காலுக்கு மூன்றரை அடி போதும் என்றாய். நான் வெட்டவிடவில்லை. வெட்டினால் அந்தக் குழாய் திரும்ப வாடகைக்குப் போகாது. முழு நாலடியாகவே நிறுத்தினேன். மேலே நீட்டிக்கொண்டிருந்த முனையில் நீ துண்டு காயப்போட்டாய். அன்றைக்கு ஒரே ஒரு குழாயை வெட்ட விட்டிருந்தால் இன்றைக்குக் கண்டுபிடித்திருப்பேன்.

விலைக்குக் கொடு என்றாய். சாமானை நான் விற்பதில்லை. "வித்தா ஒரு தடவ காசு, வாடகைக்கு வுட்டா ஆயுசுக்கும் காசு" என்றேன். "யாரு ஆயுசுக்கு?" என்று கேட்டுச் சிரித்தாய். வாடகை நான் கேட்டதில்லை, நீ கொடுத்ததில்லை. நீ பிளான் போட்ட வீடெல்லாம் என் சாரத்தில்தான் எழும்பியது. அந்தக் கணக்கில் லாபம் எனக்குத்தான்.

அப்புறம் கள்ளக்குறிச்சியில் வீட்டு வாடகை ஜாஸ்தி, மலையில் வீடு கட்டுகிறவர்கள் ஜாஸ்தி என்று வெள்ளிமலைக்குப் போக முடிவு செய்தாய். மேசையைப் பிரித்தபோது ஒவ்வொரு குழாயிலும் நீயே சாக்பீஸால் நம்பர் போட்டாய். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினதும் பிடித்தது மழை. குட்டியானை வண்டியில் தார்ப்பாய் இல்லை. மேலே போய்ப் பார்த்தால் ஒரு நம்பர் இல்லை. "பாத்த மேசதானே, கட்டிப்புடலாம்" என்று நான் வீறாப்பாகக் கட்டினேன். முடிந்த பிறகுதான் தெரிந்தது, எல்லாம் இடம் வலம் மாறிப்போயிருந்தது. பிரிண்டர் தட்டு வலப்பக்கம், மவுஸ் வைக்கிற நீட்டம் இடப்பக்கம். மறுபடி பிரிக்கிறேன் என்றேன். "வுடு, வலது தோள்தான் நோவுது. இடது கையும் கொஞ்சம் சம்பாதிக்கட்டும்" என்றாய். ஒரு மாதத்தில் பழகிக்கொண்டாய்.

புதன்கிழமை முழுக்க வேறு வேலை பார்த்தேன். என்ன வேலை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வியாழக்கிழமை பெயிண்ட் படாத புதுக் குழாய் பதினொன்று, கிளாம்ப், பலகை ஏற்றிக்கொண்டு நானே மலை ஏறினேன். உன் பதினாறாம் நாளுக்குப் பிறகு அங்கே போகவில்லை. போகாததற்குக் காரணமும் இல்லை. ஒவ்வொரு வாரமும் ஆள் அனுப்புகிற வேலைதான் இருந்தது.

வாசலில் ஏழெட்டுப் பேர், கையில் கவரோடு. செல்வி தரையில் சம்மணம் போட்டு யாருடைய சாதிச் சான்றிதழையோ கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் கட்ட ஆரம்பித்தேன். பாதியில் நிமிர்ந்து பார்த்து, "இந்தப் பக்கம் இல்லண்ணா. மவுஸு இந்தக் கைக்கு வரணும்" என்று இடது கையைக் காட்டினாள். அவளும் உன் மாதிரியே பழகியிருக்கிறாள். கழற்றி மாற்றினேன். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். உயரம் அவளுக்குத் தக்கபடி ஒரு சாண் இறக்கினோம்.

பிறகு வாசலுக்கு வந்து, பக்கத்து வீட்டு அம்மா முதற்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "அவன் எனக்கு ஒரு பைசா பாக்கி இல்ல. என் ஆளு தப்பா எடுத்துனு போயிட்டான். தப்பு என்னுது." பக்கத்து வீட்டு அம்மா, "நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

மேசையை அப்படியே வைத்துக்கொள் என்று செல்வியிடம் சொன்னேன். வேண்டாம் என்றாள்.

"சும்மா குடுத்தா அது இன்னும் ஒங்க சாமான்தாண்ணா. நாளைக்கு வேற ஒருத்தன் வருவான். வெலைக்குக் குடுங்க, பில்லு போட்டுக் குடுங்க."

"வெலையா... பாத்துக் குடும்மா."

"பாத்துக் குடும்மான்னா இன்னா வெல? யாவாரி மாதிரிப் பேசுங்க."

சரி என்று குழாயை எடை போட்டு, கிளாம்பை எண்ணி, பலகையும் சேர்த்து ஆறாயிரத்து முந்நூறு சொன்னேன். முந்நூறைக் குறைக்கவைத்தாள். நீ வியாபாரம் பேசி நான் பார்த்ததில்லை, இவள் பேசுகிறாள். பில்லில் அவள் பேரை எழுதினேன்.

ஆறாயிரம். மாதம் ஐந்நூறு, பன்னிரண்டு மாதம். பணத்தை போனில் அனுப்ப மாட்டாளாம், கையில்தான் தருவாளாம். வாங்க ஆள் அனுப்பக் கூடாது, மாதா மாதம் நானே மலை ஏறி வர வேண்டும். ஒத்துக்கொண்டேன்.