படத்தில் இல்லாத ஆள்

6 ஜூலை, ஞாயிறு

இன்றைக்குப் பினாங்கு ஜார்ஜ்டவுனே என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சரி, முப்பது பேர். அந்த மாடித் தியேட்டருக்கு அது பெருங்கூட்டம்தான்.

தியேட்டரை நடத்துகிற ஷர்மினி, இந்த மாதம் ஞாயிறு மத்தியானங்களில் பழைய படங்களாகப் போடுகிறாள். அதில் ஒன்று பினாங்கிலேயே எடுத்த மலாய்ப் படம். சத்தம் முழுக்க அழிந்துவிட்டது. எஸ்டேட்டுகளில் வேன் வைத்துப் படம் காட்டிய காலத்தில், திரைக்குப் பக்கத்தில் நின்று மலாய்ப் படத்துக்குத் தமிழில் கதை சொன்னவன் நான். தாய்லாந்து எல்லைவரை என்னை அடிக்க ஆள் கிடையாது. அதனால்தான் கூப்பிட்டாள்.

படத்தில் ஒருத்தி படகு ஏறுகிற ஃபெரி ஜெட்டியில் காத்திருக்கிறாள். மழை. வேறு யாருமே இல்லை. வெகு நேரம் அப்படியே போகிறது. சனம் கைபேசியைத் தடவ ஆரம்பித்தது. விடுவேனா? "அந்தத் தூணுக்குப் பின்னால கறுப்புக் குடையோட ஒருத்தன் நிக்கிறான். உங்க கண்ணுக்குத் தெரியமாட்டான். அவன் யாருக்குக் குடை புடிக்கிறானோ, அவங்க ஃபெரி ஏறிப் போனா திரும்பி வரமாட்டாங்க" என்று எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் ஒருத்தர்கூட இருமவில்லை.

"சவரி அங்கிள், இனிமே எல்லா ஞாயிறும் இதையே போடலாம்லா" என்றாள் ஷர்மினி.

9 ஜூலை

யூசுப் கடையில் ஒரு தே தாரிக் டீ. குடைக்காரனாக நடித்தவர் என் சிநேகிதர், சேர்ந்து மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டிருக்கிறோம் என்றேன். "கண்ணுக்குத் தெரியாத ஆளுன்னீங்க. மீயை எந்த வாயில போட்டாரு அண்ணே?" என்கிறான். பொறாமை.

13 ஜூலை

தூணுக்குப் பின்னால் குடை தெரிந்தது.

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. கறுப்புக் குடை, பாதித் தோள், பிடியைப் பிடித்திருக்கும் விரல்கள்.

வேறு பிரதியா என்று ஷர்மினியிடம் கேட்டேன். "அதே படம்தான் அங்கிள். போன வாரமும் நின்னாரே. நீங்கதானே காட்டினீங்க?"

நானா காட்டினேன்? தெரியமாட்டான் என்றல்லவா சொன்னேன்?

என் வார்த்தைக்கு இவ்வளவு பலமா என்று கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்த ஜோரில், "அடுத்த வாரம் வாங்க. வெளியே வந்து உங்கள்ல ஒருத்தரைப் பார்ப்பான்" என்று மைக்கில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இதை எழுதும்போது அந்தப் பெருமை இல்லை.

20 ஜூலை

மார்த்தா வருவாள் என்று யார் கண்டது? கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் கதையைக் கேட்க ஒரு தடவை வந்தவள் இல்லை. இன்றைக்குப் பூசை முடிந்து நேராக வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் வெளியே வந்தான். ஜெட்டி முனைக்கு நடந்து வந்து, நின்னு, பார்த்தான். மூணாவது வரிசையை. நான் என்ன பேசுனேன்னே தெரியல.

படி இறங்கும்போது அவள் கேட்டாள்: "என்னாங்க, அந்தக் குடைக்காரரு உங்களுக்குத் தெரிஞ்சவரா? என்னையே பார்த்தாரு."

வீட்டில் பார்த்தால் அவளுடைய இடது தோள் மட்டும் நனைந்திருந்தது. ஒரு குடையில் இரண்டு பேர் நடந்தால் நனையுமே, அப்படி. வெளியே சுள்ளென்று வெயில்.

22 ஜூலை

இன்றும் தோளில் ஈரம்.

25 ஜூலை

அக்கரையில் இருக்கிற புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்குத் திங்கட்கிழமை போகிறாளாம் மார்த்தா. யூசுப் காரில் பாலம் வழியாகக் கூட்டிப்போகிறேன் என்றேன். "காரு எதுக்குங்க? ஃபெரில போனாத்தான் எனக்கு நல்லாருக்கும்" என்கிறாள். ஃபெரி என்றாலே வாந்தி எடுக்கிறவள். பை கட்டி வாசலில் வைத்தாயிற்று.

யூசுப்பிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "இது மீ கோரெங் கதையை விட நல்லாருக்கு அண்ணே" என்றான். நான் என்ன செய்ய? யார்கிட்ட சொல்ல?

27 ஜூலை

மைக்கை வாங்கியதும் உண்மையைச் சொன்னேன். அப்படி ஒரு ஆளே கிடையாது, நான் கட்டிவிட்டது என்று. சிரித்தார்கள். கைகூடத் தட்டினார்கள். திரையில் அவன் அசையவில்லை. மார்த்தா காலடியில் பையை வைத்துக்கொண்டு அதே வரிசையில். குடையைக் கொஞ்சம் சாய்த்து நீட்டினான் — அவ எந்திரிக்கப் பார்த்தா.

சரி, எனக்குத் தெரிந்த வேலையையே பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். "பொறுங்க, கதை இன்னும் முடியலை. குடைக்காரன் தேடி வந்தது இந்த அம்மாவை இல்லை. தூணுக்குப் பின்னால நிக்கிறப்ப அவன் காதுல ஒரு குரல் விழுந்துச்சு. அவன் இருக்கான்னு சொன்ன குரல். அந்தக் குரலுக்காகத்தான் வந்திருக்கான்."

இவ்வளவு நன்றாக நான் சொன்னதே இல்லை. இதை மட்டும் நம்பலாம்.

அவன் தலை மெதுவாகத் திரும்பியது. வரிசைகளை விட்டு, திரையின் ஓரத்துக்கு, மைக் இருந்த பக்கம்.

28 ஜூலை

மார்த்தாவின் தோள் காய்ந்துவிட்டது. பையைப் பிரித்துப் பார்த்து, இதை எதற்குக் கட்டி வைத்தீர்கள் என்று என்னைத் திட்டினாள். மீன்காரனோடு ஒரு சண்டையும் போட்டு முடித்தாள். பழைய மார்த்தா.

நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததும், "எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள்.

"ஃபெரில ஒரு சுத்து."

"மழை வர்ற மாதிரி இருக்கு. குடை எடுத்துக்குங்க."

"வேணாம். கூட வர்றவர்கிட்ட இருக்கு."

வாசலில் நிற்கிறார். கிட்டத்தில் பார்த்தால் சாதாரண முகம்தான். அதிகம் பேசுகிற ஆளாகத் தெரியவில்லை. எனக்கு அது வசதி.