நீங்கள் ஏற்றுக்கொண்ட பழி

நீங்கள் என்னைப் பாட விடவில்லை என்று எல்லோரும் சொல்வது பொய். நேற்று உங்கள் தங்கை மகள் கெலமங்கலத்திலிருந்து வந்திருந்தாள். பீரோவிலிருந்து என் நீல மேடை கவுனை எடுத்ததும் அறை முழுக்க அந்துருண்டை வாசனை. அதை மடியில் விரித்துக்கொண்டு, "மாமா மட்டும் விட்டிருந்தா நீங்க எங்கியோ போயிருப்பீங்க அத்தை" என்றாள்.

பதினோரு ஆண்டுகள் நான் பாடியதே உங்களால்தான். பியானோவுக்கு ஆங்கிலப் பாட்டும், அதே காட்சியில் கல்யாணி ஆலாபனையும் பாட பெங்களூரு இசை நாடகக் குழுவுக்கு ஒருத்தி தேவைப்பட்டாள். முன்னதைக் கான்வென்டிலும் பின்னதை வீட்டிலும் கற்றவள் நான். ஒத்திகை முடிந்து ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கினால், ஷிப்ட் முடிந்த யூனிபாரத்தோடு, கையில் வெந்நீர் பிளாஸ்க்குடன் நிற்பீர்கள். நடக்கும்போதும் நான் சாதகம் செய்வேன். "மெதுவா பாடும்மா, தளி பஸ்சு பயந்து நின்னுடப் போவுது" என்பீர்கள்.

கடைசி நாடகத்தில் உச்ச சுரத்தில் என் குரல் பிளந்தது. கூட்டத்துக்குத் தெரியவில்லை, கைதட்டியது. மூன்றாவது வரிசையில் உங்கள் கைகள் மட்டும் மடியிலேயே இருந்தன.

குரல் போய்விட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார்" என்று குழுவுக்குச் சொல்லிவிட்டேன். உங்களிடம் அதைச் சொல்லவும் இல்லை. அடுத்த ஞாயிறு இயக்குநர் அம்மாள் நம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இப்படியொரு குரலை சமையல் ரூம்ல பூட்டிவைக்க உங்களுக்கு எப்படி சார் மனசு வருது?"

நீங்கள் ஒருமுறை என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாங்க, நான்தான் போதும்னுட்டேன். காபி ஆறுது, குடிங்க."

அன்றுமுதல் உங்களைக் கல்நெஞ்சக்காரர் என்றார்கள். உங்கள் அம்மாவே சொன்னார். நீங்கள் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் அதையே பேசினார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்றுதான் முதன்முறையாக, ஒன்றும் விடாமல் உண்மையைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போங்கத்தை. போய்ச் சேந்த பின்னாடியும் மாமாவ விட்டுக்குடுக்க மாட்டீங்களே."

அன்று என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று நான் உங்களை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். என் வாய்ச்சொல்லை இனி யாரும் நம்பப் போவதில்லை. நடந்ததை உங்கள் கைப்பட எழுதி எனக்குப் பதில் போடுங்கள். அவளிடம் காட்ட வேண்டும்.