குருத்தைத் தொட்டுப் பாராது கோடரி எடுக்கவேண்டா

மலை வளர்க, மழை பொய்யாதிருக்க. பனிக்குன்ற நாடுடைய இளவெயினப் பெருமானடிகள் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலை எழுதுவான் நன்னாகன் எழுத்து. வடகரைக் காவலர் வேள் அந்துவனார் காண்க. தங்கள் ஏரிகள் நிறைக. குடிகள் நலம் பெறுக.

மார்கழியிலும் தையிலுமாக இருமுறை உறைபனி விழுந்து பனைகள் பழுப்பேறியதால், அவை பட்டுப்போயின என்றெண்ணி, எல்லாவற்றையும் வெட்டுமாறு மாசி முதல்நாள் தங்களுக்குக் கட்டளை வந்தது. அதே கட்டளையோடு தலைநகர்த் தோப்புக்குப் போனவர் பேரமைச்சர் கொற்றங்குமரனார். தோப்புக் காவற்காரி உலகி கோடரிக்காரரை மறித்து நின்று, முந்நூறு மரமும் போனால் பன்னிரண்டு குடிகளும் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான் என்றும், ஒரு குருத்தையாவது தொட்டுப் பார்த்துவிட்டு வெட்டுக என்றும் விண்ணப்பித்தாள்.

எதையும் தம் கையால் தொட்டுப் பார்த்தாலன்றி அமைச்சருக்கு உறக்கம் வராது. அறுபது கடந்த அப்பெரியவர் தலைப்பாகையைக் கழற்றிவைத்து, இடுப்பில் கயிறு கட்டி ஏணியேறினார். ஏணி பிடித்தவர்கள் பட்ட பாடு தனிக்கதை. காய்ந்த மட்டைகளை விலக்கி நடுக்குருத்தை மெல்ல இழுத்தார், அசையவில்லை; மரத்தில் உயிர் இருந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. வியப்புத் தாளாமல் கீழைவரிசைக்கு விரைந்தார். அங்கே நாற்பது மரங்களிலும் குருத்து அழுகிக் கையோடு வந்தது.

ஒரே தோப்பு, ஒரே பனி; ஏன் இவ்வேறுபாடு என வினவினார். உலகி சொன்னதை அப்படியே எழுதப் பணித்தார்: "காஞ்ச மட்டைதாங்க சாமி குருத்துக்குப் போர்வை. இந்த வரிசையில மொதப் பனி முடிஞ்சதுமே கழிச்சுட்டாங்க. ரெண்டாம் பனி நேரா உள்ள எறங்கிடுச்சு."

கழிக்கச் சொன்னவர் யாரென்று அவள் சொல்லவில்லை. நாம் பவனி வரும் வழியோர வரிசை அழகாயிருக்கட்டும் என்று அதைச் செய்வித்தவர் அமைச்சரே. அவைக்கு வந்து அதைத் தாமே சொல்லித் தலைகுனிந்து நின்றார்.

ஆகவே முந்தைய கட்டளை ஒழிக. கோடரிகளைக் கொட்டிலில் அடைக்க. பங்குனி வெயில் ஏறும்வரை ஒரு மட்டையும் கழிக்கலாகாது. அடியில் உமியும் சருகும் பரப்புக. அழுகிய மரமாயின் அழுகலை வழித்துச் சாம்பல் தூவி விட்டுவைக்க. சில பிழைக்கக்கூடும் என்கிறாள் உலகி. இதற்கு மீன்கொத்தி முத்திரை பொறித்தோம்.

அரண்மனைக்கும் இனி ஓலை அறுக்கலாகாது என்பதால் மறுமொழி எழுதவேண்டா. ஒரு குருத்து விரிந்தாலும் ஆள் ஓடிவந்து வாயால் சொல்லட்டும். அந்த நாற்பதையும் நாள்தோறும் காலையில் தொட்டுப் பார்த்துவிட்டு, அமைச்சர் நாள் முழுதும் கோட்டைவாசலிலேயே நிற்கிறார்.