கிளச்சின் மேல் யாருடைய கால்

இன்று காலை ஆட்களை ஏற்றிக்கொண்டு வான் வண்டியோடு மன்னார்ப் பாலத்தில் ஏறியதும் அந்த மணம் வந்தது. தலைமயிர் பொசுங்குகிற மாதிரி, கிளச் தேய்ந்து கருகுகிற மணம். சோளகக் காற்று வானை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த, கந்தோருக்கு வேலைக்குப் போகிற நால்வருக்கும் ஒன்றும் மணக்கவில்லையாம். உங்கள் கால்தான் என்று நினைத்தேன், இஞ்சாருங்கோ. நீங்கள் இறந்து மூன்று வருடமாகிறது, ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

போன மாதம்தான் வானுக்குக் கிளச் பிளேட் மாற்றினேன். நீங்கள் போன பிறகு போட்ட பிளேட் அதற்குள் தேய்ந்துவிட்டது. அடம்பன் கராச்சில் மெக்கானிக் அதைக் கழற்றிக் காட்டினார். கறுத்து, ஓரம் நீலம் பாரித்துக் கிடந்தது.

"அக்கா, ஆரோ கிளச்சில காலை வச்சுக்கொண்டே ஓடியிருக்கினம்."

"நான் மட்டும்தானே ஓடுறனான்."

"அப்ப நீங்கள்தான்," என்று சிரித்தார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து உங்களோடு நான் பிடித்த சண்டையில் பாதி அந்தக் காலுக்காகத்தான். என்னைப் பார்த்து அப்படிச் சொல்ல அவருக்கு என்ன துணிவு.

நினைவிருக்கிறதா, பாலத்தடியில் ஆமியின் செக்பொயின்ற் இருந்த காலம்? வெயிலில் வரிசை நீளும். ஒரு முழம் நகர்வதும் நிற்பதுமாக, பாதிக் கிளச்சில் ஊர்ந்துகொண்டே இருப்பீர்கள். எந்த நேரமும் கை காட்டி மறிப்பார்கள், அதற்காகக் கால் ஆயத்தமாகவே இருக்கும். செக்பொயின்ற் போன பிறகும், வெறும் ரோட்டில், அந்தக் கால் இறங்கவில்லை. "காலை எடுங்கோவன், பிளேட் தேயப்போகுது," என்பேன். "அது என்ர சொல்லுக் கேக்காதப்பா. மறிப்பாங்கள் எண்டு இன்னும் பாத்துக்கொண்டிருக்குது," என்பீர்கள். நான் சிரிக்க மாட்டேன்.

பிறகு சீனி வருத்தம் உங்கள் இடது காலை மரக்கப் பண்ணியது. கடைசி ஆறு மாதம் நான்தான் வான் ஓடினேன். நீங்கள் பக்கத்து சீற்றில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு வருவீர்கள்.

அன்று விடியற்புறமே நெஞ்சு நோ. உங்களை ஏற்றிக்கொண்டு மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பாலத்தில் ஏறிப் பாதித் தூரம்கூடப் போகவில்லை, எஞ்சின் அலறுகிறது, வான் நகரமாட்டேன் என்கிறது. இதே மணம். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "கால்… கால்…" என்றீர்கள். மரத்த கால் நோகிறது என்று நினைத்தேன். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கையால் உங்கள் முழங்காலைத் தடவிவிட்டேன். நீங்கள் என் கையைத் தட்டிவிட்டு மறுபடியும் அதையே சொன்னீர்கள். வான் நின்றுவிட்டது. கடலோரம் நின்ற கழுதைகள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன. பின்னால் வந்த மீன் லொறிக்காரர் உங்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்," என்றார் டொக்டர்.

செத்தவீட்டுக்கு வந்த எல்லோரிடமும் சொன்னேன், அவரின் காலே அவரைக் கொண்டுபோய்விட்டது என்று. கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தும் நாட்களிலும் உங்களை ஏசாமல் திரும்பியதில்லை.

இன்று காலையும் ஏசத்தான் வாயெடுத்தேன். அந்த நாலு பேர் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து, "காலை எடுங்கோவன்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தேன்.

கிளச்சின் மேல் என் செருப்பு இருந்தது.

நான் வைக்கவில்லை. மாதாவாணை, வைத்த ஞாபகமே இல்லை. செக்பொயின்ற் காலத்தில் நான் ஓடினவள்கூட இல்லை, உங்கள் பக்கத்தில் இருந்தவள் மட்டும்தான். உங்கள் காலின் பயம் என் காலுக்குள் எப்போது வந்து குடியேறியது? அப்படியானால் அந்த ஆறு மாதமும்? அன்று காலையும்?

நீங்கள் உங்கள் காலைச் சொல்லவில்லை. என் காலைச் சொல்லியிருக்கிறீர்கள். எடு என்று சொல்லத்தான் உங்களுக்கு மூச்சு இருக்கவில்லை. நான் என்ன செய்தேன்? உங்கள் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

எல்லோரையும் இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்பினேன். செருப்பைக் கழற்றி சீற்றுக்கு அடியில் வைத்துவிட்டு, இடது பாதத்தைக் கிளச்சுக்குப் பக்கத்தில், அடித்தகரத்தில் ஊன்றிக்கொண்டேன். தகரம் சுட்டது, நல்லது என்று விட்டேன். அந்தச் சூடு இருக்கும்வரை கால் எங்கே இருக்கிறது என்று தெரியும். காற்றும் விழுந்திருந்தது. அன்று வான் நின்ற இடம் வந்தபோது, பக்கத்து சீற்றிலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாக ஒரு சத்தம்.

"கால்…"

அப்போதுதான் தெரிந்தது, பாதத்தில் சூடு இல்லை. அதற்கடியில் கிளச்சின் ரப்பர் குளிர்ந்துபோய் இருந்தது.

எடுத்திட்டன், இஞ்சாருங்கோ. எடுத்திட்டன்.