அப்பா அழுத்தாத பொத்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நின்றது அப்பாவின் கட்டைவிரல்தான். கண்கள் திறந்தே இருந்தன.

பல்கலைக்கழகத்தில், மூளையின் கவனத்தைச் சோதிக்கும் அறையில், தலையில் மாட்டும் ஒயர்த் தொப்பிகளைக் கழுவும் வேலை பார்க்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? இன்று சோதனைக்கு வந்தவர்கள் அப்பாவின் கம்பெனி டிரைவர்கள். ஒயர்த் தொப்பியை மாட்டியதும், "மாப்பிள்ளையா இருந்தப்பகூட எனக்கு இவ்வளவு அலங்காரம் இல்ல" என்று அப்பா எல்லோரையும் சிரிக்க வைத்தார். திரையில் வெளிச்சம் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரம் சரியாக அழுத்தினார். பிறகு வெளிச்சம் வந்து வந்து போனது. அவர் அழுத்தவே இல்லை.

"கண்ணு முழிச்சிருக்கு, மூளை தூங்குது. இன்னிக்கு வண்டி எடுக்காதீங்க ஐயா" என்று ஆராய்ச்சி மேடம் அவரிடம் மட்டும் சொன்னார். கம்பெனிக்கு அவர்கள் எதையும் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் அப்பாவின் வேலை போய்விடும். அப்பா தலையை ஆட்டிவிட்டு நேராக வேனுக்குப் போனார்.

நீ வீட்டை விட்டுப் போய் உன் சம்பளமும் நின்ற பிறகு அவர் இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறார். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

பின்னாலேயே ஓடினேன். வாசலில் கம்பெனி சூப்பர்வைசரும் மற்ற டிரைவர்களும் நின்றிருந்தார்கள்.

"என்னடி, அப்பா பாஸா? காலேஜை விட்ட உன்னை மாதிரி பாதியில நின்னுடலையே?" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது.

அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி சூப்பர்வைசரிடம் நீட்டி, "இவரை இன்னிக்கு ஓட்ட விடாதீங்க சார்" என்றேன்.

உன் தங்கை