மெயின் இறங்கிய கால் மணி நேரம்

போன வாரம் என் மகன் உள்ளங்கை அகலத்தில் ஒரு ரேடியோ வாங்கிவந்து, நாம் உட்கார்ந்து குச்சியில் நூலைத் தார் சுற்றிய அறையின் ஜன்னலில் வைத்துத் திருகினான். சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. நீயும் நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்போமே, அதே நிலையம், அதே மதிய மகளிர் நிகழ்ச்சி. பக்கத்து வீட்டு அம்மா மதில்மேல் எட்டிப் பேசுவதுபோல அவ்வளவு தெளிவாக வந்தது. கொரகொரப்பு இல்லை, வண்டு குடைகிற சத்தம் இல்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் எங்கே போய்த் தொலைந்திருந்தது இந்தத் தெளிவு? நீ கண்ணை மூடிய ஆடி இன்னும் திரும்பி வரவில்லை, அதற்குள் இது வந்து நிற்கிறது.

மகன் விளக்கினான். தூரத்து நிலையம் மீடியம் வேவில் அனுப்புகிற பேச்சை, நம் பக்கத்தில் இருக்கிற ஒரு கோபுரம் வாங்கி எஃப்.எம்மில் அஞ்சல் செய்கிறதாம். "பேச்சு அதேதானுங்மா, வர்ற வழிதான் வேற. இந்த வழியில மோட்டார் எரைச்சல் ஏறாது" என்றான். "அப்பறம் இதுல என்ன கொறை?" என்று கேட்டேன். குறையில்லாத பொருளை இந்த வீட்டில் யாரும் வாங்கி வந்ததில்லை. "மலை தாண்டாதுங்மா" என்றான்.

நான் சும்மா நம்புகிறவளா? ரேடியோவைப் பையில் போட்டு, உன் பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு சங்ககிரிப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஆமாம், அந்த வண்டி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. உன் வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார். மலைக்கு இந்தப் பக்கம் வரை அந்த அறிவிப்பாளர் அம்மா கூடவே வந்தாள். மலையைச் சுற்றியதும் பேச்சு தேய்ந்து, ஸ்ஸ் என்ற சத்தம் மட்டும் மிஞ்சியது. நம்முடைய பழைய மீடியம் வேவ் அப்படியில்லை. போகிற இடமெல்லாம் வரும், வந்த இடமெல்லாம் இருமும்.

அந்த இருமலோடுதானே நாம் குடும்பம் நடத்தினோம். பள்ளிபாளையத்தில் நம் தெருவில் தறி ஓடாத வீடு ஏது? மோட்டார் ஓட ஆரம்பித்தால் ரேடியோவுக்குள் வண்டு புகுந்துவிடும். பாட்டென்றால் ஊகித்துக்கொள்ளலாம், பேச்சு என்றால் கோவிந்தா. கரண்ட் போனால் ஊரே மின்சார ஆபீசைத் திட்டும். நீயும் நானும் தார்க் குச்சியைக் கீழே போட்டுவிட்டு பேட்டரி ரேடியோவிடம் ஓடுவோம். "கும்புடற சாமி கண்ணத் தொறந்துருச்சு புள்ள" என்பாய். வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள் என்பதால் என் காதோடு சொல்வாய்.

காதோடு சொன்னால்தான் உன் குரல் கேட்கும் என்பது வேறு விஷயம். இந்தத் தெருவில் எல்லோரும் கத்திப் பேசிப் பழகியவர்கள். சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கப் போனாலும் தறிக்கு மேல் பேசுகிற தொண்டையோடுதான் போவோம். உனக்கு மட்டும் அந்தத் தொண்டை வாய்க்கவில்லை. நீ வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்வதற்குள், "என்னங்கற? கேக்கல!" என்று யாராவது கையை ஆட்டுவார்கள். நீயும் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு நிறுத்திக்கொள்வாய். எத்தனை பேச்சை அப்படிப் பாதியில் விழுங்கியிருப்பாயோ.

அதனால்தான், வானொலிக்காரர்கள் பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு நம் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்தபோது, அவர்கள் உன்னைத் தேர்ந்தெடுத்ததைப் பார்த்து நாங்கள் வாய்பிளந்தோம். நான் எவ்வளவு நேரம் முன்வரிசையில் உட்கார்ந்து கத்தினேன்! என்னை விட்டுவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லச் சொல்லி, உன்னைக் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப்போய் விட்டார்கள். திரும்பி வந்த உன்னிடம், "என்ன பேசுன?" என்று கேட்டேன். "ரேடியோவுல வரும், கேட்டுக்க" என்றாய். பதிவானதை உனக்குப் போட்டுக் காட்டினார்களா என்று கேட்டதற்கு, அவர்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாய். அன்றிலிருந்து உனக்கு ஒரே ஆசை. உன் குரல் எப்படி இருக்கிறது என்று நீயே ஒரு தடவை காதால் கேட்க வேண்டும். அதை என்னிடம் மட்டும்தான் சொன்னாய்.

ஒலிபரப்பு மதியம் இரண்டு மணிக்கு. கரண்ட் போகும் என்று நம்பி உட்கார முடியுமா? வேண்டாத நாளில் போகிற கரண்ட் வேண்டிய நாளில் போகாது. நான் ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கினேன். கால் மணி நேரம் தறியை நிறுத்துங்கள், நம் தெருப் புள்ள ரேடியோவில் பேசுகிறாள் என்றேன். "ஏனுங்க்கா, அவிய பேசறது பக்கத்துல நின்னாலே கேக்காது, ரேடியோவுல கேக்குமாக்கும்?" என்று ஒருவன் சிரித்தான். "அதுக்குத்தான்டா நிறுத்தச் சொல்றேன்" என்றேன். முனகிக்கொண்டே எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள், தெருக்கோடியில் இருந்த உன் வீட்டுக்காரர். "சாயங்காலம் ஈரோட்டு வண்டி வந்துருமுங்க அம்மிணி. தறிய விட்டுச் சரக்கு எறங்கலைன்னா ஏவாரி மூஞ்சியில எப்படி முழிக்கறது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவரையும் சொல்லிக் குற்றமில்லை, ஆனால் அன்று நான் அவரைத் திட்டிய திட்டு அவருடைய ஏழு தலைமுறைக்கும் காணும்.

அன்று இரண்டு மணிக்கு ஒவ்வொரு பட்டறையாக அடங்கியது. எங்கள் வீட்டு வாசலில் ரேடியோவைச் சுற்றித் தெருவே உட்கார்ந்திருந்தது. நீ தலைவாசல் ஓரமாக, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தாய். அறிவிப்பாளர் உன் ஊரைச் சொல்கிறார், உன் பேரைச் சொல்கிறார், நீ வணக்கம் சொல்கிறாய், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வண்டு. தெருக்கோடியில் ஓடிக்கொண்டிருந்த உன் வீட்டுத் தறிகள்தான். ரேடியோவைத் திருப்பினேன், தூக்கினேன், தலையில் தட்டினேன். ஒன்றும் தெளியவில்லை. நீ எழுந்து போய்விட்டாய். அழுகையை மறைக்கப் போகிறாய் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வண்டு நின்றது. உன் குரல் மட்டும் தனியாக வந்தது. "மொத நாளே கீழ உழுந்துட்டனுங்க" என்கிறாய். விழுந்தபோது வீட்டில் என்ன சொன்னார்கள் என்று அறிவிப்பாளர் கேட்கிறார். "வண்டிக்கு ஒண்ணும் ஆகலியேன்னு கேட்டாருங்க" என்கிறாய். தெருவே சிரித்து உருண்டது. திரும்பிப் பார்த்தால், கையெல்லாம் ஆயிலோடு உன் வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். "அப்புறம்?" என்கிறார் அறிவிப்பாளர். "அப்பறம் அவருதானுங்க, விடியால நேரத்துல, ஆரும் பாக்கறதுக்கு முந்தி, பொறத்தால புடிச்சுட்டே ஓடியாந்து பழக்கிவுட்டாரு. வெளிய சொல்ல வேண்டாம்னாருங்க." இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஆயில் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து தறிகள் கிளம்பிய பிறகுதான் நீ வந்தாய். "முடிஞ்சுதா?" என்றாய். பிறகு என் பக்கத்தில் குனிந்து, "என்ற கொரலு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாய். "தகரத்துல கல்லு உழுந்த மாதிரி இருந்துச்சு. உன்ற கொரலக் கேக்க நீயே வெக்கப்பட்டு ஓடிட்டயே, உனக்கெதுக்கு அது?" என்றேன். நீ சிரித்தாய். அதற்குப் பிறகு பல வருடம் இதைச் சொல்லியே உன்னைக் கேலி செய்தேன். தறியை நிறுத்திவிட்டுப் பெண்டாட்டி பேச்சைக் கேட்க வந்த மனுசன் என்று உன் வீட்டுக்காரருக்குத் தெருவில் நல்ல பேர் நிலைத்துவிட்டது. அதற்கும் நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய்.

ஆத்தூரில் கட்டிக்கொடுத்த உன் மகள் அன்று போனில் கூப்பிட்டு, ஆரம்பத்திலிருந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன் என்றாளே, நினைவிருக்கிறதா? அவள் இருந்த தோட்டங்காட்டுக்குள் தறி ஏது, வண்டு ஏது? இந்தப் புது ரேடியோவைப் பற்றி அவளிடம் சொன்னேன். "இங்க அது எடுக்கலைங்க பெரிம்மா, எரைச்சல்தான்" என்றாள். ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளத்தான் செய்கிறது.

இப்போது உன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து அவர் தினமும் இரண்டு மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிடுகிறார். கால் மணி நேரம் தறி ஓடாது. மனுசனுக்குத் தளர்ச்சி வந்துவிட்டது என்று தெருவில் பேச்சு. ரேடியோ கேட்கத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்து, நேற்று இந்தப் புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். "இனிமே நிறுத்த வேண்டியதில்லைங்கண்ணா. தறி ஓட ஓடவே கண்ணாடியாட்டம் கேக்குது, பாருங்க" என்று திருகிக் காட்டினேன்.

அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. சுவிட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் ரேடியோ கேக்க நிறுத்தலைங்க அம்மிணி. அன்னிக்கு மெயினை எறக்குனது நானில்ல, அவதான்."

நான் கையிலிருந்த ரேடியோவை அணைத்தேன்.

"கரண்ட் போச்சாக்கும்னு வந்து பாத்தா, போர்டுக்கு முதுகக் குடுத்து நிக்கறா. என்னடி பண்றங்கறேன், நகரல. 'நான் போயிட்டா நீங்க மறுக்காப் போட்டுருவீங்க, நான் இங்கயே நிக்கறேன், நீங்க போய்க் கேளுங்க, உங்களப் பத்தியுந்தான் சொல்லியிருக்கறேன்'னா. கலியாணமான நாள்ல இருந்து அவ என்னைய எதுத்துச் சொன்னது அது ஒண்ணுதானுங்க. ஊரு எனக்கு நல்ல பேரு குடுத்துச்சு. அவ வாயத் தொறக்கல. நானும் தொறக்கல."

தெருக்கோடியில், போர்டை ஒட்டிய அந்த மூலையில், உனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்காது. கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நீ. கேட்காமல் நின்றவளும் நீ. உன்னைப் போய் வெட்கப்பட்டு ஓடியவள் என்று நான் சொன்னேனே, பாவி.

இந்த எஃப்.எம். அன்றே வந்திருந்தால் என்று நேற்றுவரை புலம்பிக்கொண்டிருந்தேன். வந்திருந்தால் உன் குரலை நீ சுகமாக உட்கார்ந்து கேட்டிருப்பாய், அது உண்மை. ஆனால் யாரும் தறியை நிறுத்தியிருக்க மாட்டார்கள். தார் சுற்றியபடி நாம் இரண்டு பேர் கேட்டிருப்போம். ஆத்தூரில் உன் மகளுக்கு எடுத்திருக்காது. அவரும் பட்டறையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டார். இதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறேன், முழுசாகத் தேறவில்லை.

இன்று இரண்டு மணிக்கு என் பட்டறையையும் நிறுத்தச் சொன்னேன். மகன் ஏனென்று கேட்டான். ரேடியோவையும் அணைத்துவிட்டு, நீ அன்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறேன் என்றேன்.

உன் குரல் தகரத்தில் கல் விழுந்த மாதிரி இல்லை புள்ள. காதோடு நீ என்னிடம் பேசுவாயே, அப்படியேதான் இருந்தது. நீ கத்தவே இல்லை. தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.